டயருக்கு அடியில் ஒரு துளை

பஞ்சர் கடை வாசலில் அடுக்கிக் கிடக்கும் பழைய டயர்களைப் பார்த்தால் எனக்குப் போகி ஞாபகம்தான் வரும். சின்ன வயதில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஒரு வாரம் முன்னாலேயே டயர் சேர்க்க ஆரம்பித்துவிடுவோம். விடியற்காலை கொளுத்தினால் வெயில் ஏறும்வரை கருகருவென்று புகை. மூக்கைச் சிந்தினால் கரி வரும். 2018 போகியன்று அந்தப் புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்களே தாமதமாயின. டயரை எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. சரி, எரிக்க வேண்டாம். புதைத்தாலும் மக்காதே, அதை என்னதான் செய்வது? செடி வளர்க்கும் தொட்டியாக்கலாம்.

1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கிக் கண்டுபிடித்த வித்தைதான் இன்றைக்கும் டயருக்கு உயிர். வெயிலில் இளகாது, குளிரில் வெடிக்காது. அந்தப் பிடிவாதமே செடிக்கு உதவுகிறது. மொட்டைமாடியில் பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு மூன்று கோடையில் நொறுங்கிப்போகின்றன. டயர் அப்படியே இருக்கும்.

முதல் டயரைக் காய்கறிக் கத்தியால் அறுக்கப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் ஒரு சாண்கூட நகரவில்லை. பஞ்சர் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். “அக்கா, சோப்புத் தண்ணில கத்திய முக்கி முக்கி அறுங்க. இல்லாட்டி ரப்பர் கவ்விக்கும்” என்று சொல்லிவிட்டு, அவரே உட்கார்ந்து அறுத்துக் காட்டினார். ரோட்டில் உருளும் பக்கத்தை அவர் தொடவே இல்லை. கார் டயரில் அங்கே இரும்புக் கம்பி வலை இருக்கிறது. பிரிந்தால் ஊசிபோல் கையைக் கிழிக்கும். பக்கச் சுவரில்தான் கத்தி இறங்கும். லாரி ரேடியல் டயரில் பக்கச் சுவரிலும் கம்பி இருப்பதால் அதை விட்டுவிடச் சொன்னார். பூவிதழ் மாதிரி வளைத்து வளைத்து அறுத்து, இரண்டு பேர் முழங்காலை ஊன்றி உள்ளும் புறமுமாகப் புரட்டினால், வாய் விரிந்த பூந்தொட்டி தயார்.

பெரும்பாலானோர் இதற்கு மேல் வர்ணத்தைத்தான் யோசிக்கிறார்கள். வர்ணமும் வேண்டியதுதான். கறுப்பு டயர் சித்திரை மதியத்தில் தொட முடியாமல் கொதிக்கிறது, ஓரத்து வேர்கள் வெந்துபோகும். அதனால் வெள்ளையோ வெளிர்மஞ்சளோ நல்லது. ஆனால் நான் சொல்ல வந்தது டயரின் அடிப்பக்கத்தைப் பற்றி.

ஒரு பள்ளித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். வரிசையாக வர்ணமடித்த டயர்கள். பிள்ளைகள் ஆசையாகச் செய்தவை. அவற்றில் இன்னும் மண் நிரப்பாத ஒன்றைச் சாய்த்துப் பார்த்தோம். உள்மடிப்பில் தேநீர் நிறத்தில் இரண்டு சொம்புத் தண்ணீர். அதில் கூத்தாடிகள், அதாவது கொசுப்புழுக்கள், நெளிந்துகொண்டிருந்தன. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இப்படித் தேங்கிய தண்ணீரும் நிழலும் போதும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டயரின் சுவரிலேயே முட்டையிடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் சாகாமல் காத்திருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். பிறகு பத்து நாளுக்குள் பறக்கத் தயார். ஏடிஸ் வகையைச் சேர்ந்த ஆசியப் புலிக் கொசு கடல் தாண்டிப் போனதே இப்படித்தான்: 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் அது நிலைகொண்டிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது, ஆசியாவிலிருந்து இறக்குமதியான பழைய டயர்களில் வந்தது.

ஆகவே, டயரைப் படுக்க வைத்தால் தரையைத் தொடும் வயிற்றுப் பகுதி எதுவோ, அங்கே சாணுக்கு ஒன்றாக டிரில்லரால் துளை போட வேண்டும். துளை அடைபடாமல் இருக்க அடியில் செங்கல் துண்டு வைக்க வேண்டும். நடுவில் உரச்சாக்கை விரித்து, செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்து நிரப்பலாம். நிரப்பும்போது மண்ணை மடிப்புக்குள் கையால் திணிக்க வேண்டும். மேலே மண் தளும்பினாலும் மடிப்பு காலியாக இருக்கலாம். மாடியில் நனைந்த மண்ணின் கனம் கொஞ்சநஞ்சமல்ல. உத்தரமோ சுவரோ இருக்கும் ஓரமாகப் பார்த்து வைப்பது நல்லது.

கீரை போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். டயரில் துத்தநாக ஆக்சைடும் வேறு பல வேதிப்பொருள்களும் சேர்க்கிறார்கள். அவற்றில் சிலவற்றை நீரில் கலந்து லெட்டூஸ் கீரை வளர்த்தபோது, செடி உறிஞ்சி இலைவரை கொண்டுபோனதை வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்டார்கள். அது சோதனைக்கூட ஏற்பாடுதான், மாடித் தோட்டமல்ல. ஆனாலும் பிள்ளைகள் தட்டில் விழும் கீரையை நான் மண்தொட்டியிலேயே வளர்க்கிறேன். டயருக்குச் செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி என்று பூச்செடி எத்தனையோ இருக்கிறதே.

மண் போடுவதற்கு முன் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து உள்மடிப்பைக் கையால் தடவிப் பாருங்கள். நாங்கள் கடைசியாகச் செய்த டயரில் இரண்டு கை அள்ளும் அளவுக்குத் தண்ணீர் தங்கியிருந்தது. இன்னும் மூன்று துளை போட்டு, மறுபடி ஊற்றினோம். கை காய்ந்தே வந்தது. அதன் பிறகுதான் இட்லிப்பூக் கன்றை நட்டோம். இந்த வாரம் முதல் கொத்து விட்டிருக்கிறது.