சாயநீரும் சட்டமும்

லோஹேகாவில் குடியிருக்கும் நமக்கு விமானத்தின் ஓசை பழகிவிட்டது. 1939-ஆம் ஆண்டில் இங்கே விமானத் தளம் அமைந்தது. அப்படையில் பணிபுரிய வந்து தங்கிவிட்டவர் நம்முள் சிலர். பிற்காலத்தில் கணினி வேலைக்காகப் புனே நகரை நாடி வந்தவர் பலர். ஓசை பழகினாலும் தூசி பழகுவதில்லை. வாகோலிப் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்தும், நாற்புறமும் எழும் கட்டடங்களிலிருந்தும் பறந்து வரும் தூசியால், காலையில் கொடியில் உலர்த்திய வேட்டி மாலையில் வேறு நிறமாகிவிடுகிறது.

இதைப் பற்றி நம்மவர் கூடிப் பேசும்போது இரண்டு குரல்கள் எழும். தீங்கு செய்யும் ஆலையை மூடிவிட வேண்டும் என்பார் ஒருவர். மூடினால் அங்கே கூலி வேலை செய்கிறவன் குடும்பம் என்ன ஆகும் என்பார் மற்றொருவர். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இரண்டாவது குரலை எளிதில் தள்ளிவிட முடிவதில்லை. மூடுவதா விடுவதா என்ற இந்தக் கேள்விக்கு இவ்விரண்டுமல்லாத மூன்றாவது விடையைத் தேடித் தமிழ்நாட்டில் ஓர் ஊர் பல்லாண்டு அல்லற்பட்டது. அவ்வூரின் உழைப்பை நாம் அன்றாடம் உடலில் அணிந்திருக்கிறோம். பனியன் விற்கும் திருப்பூரைத்தான் சொல்கிறோம்.

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றுவதில் உப்பு இன்றியமையாதது. சாயம் நீரிலேயே தங்கிவிடாமல் நூலிழையில் சென்று பற்றுவதற்கு உப்புத் துணை செய்கிறது. ஆனால் உப்பு துணியில் ஒட்டுவதில்லை. வேலை முடிந்ததும் அவ்வளவும் கழிவுநீரோடு வெளியே போகிறது. ஒரு பட்டறையின் உப்பை ஆறு தாங்கும். நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே சிற்றாற்றின் கரையில் நெருங்கியிருந்தால் ஆறு எவ்வாறு தாங்கும்?

அந்தச் சிற்றாறு நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர் வழியே ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலப்பது. திருப்பூருக்குக் கீழே, சென்னிமலைக்கு அருகில், ஒரத்துப்பாளையம் என்னுமிடத்தில் உழவர்களின் பாசனத்துக்காக 1992-ஆம் ஆண்டில் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்குக் கட்டிய அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறிற்று. அணையைத் திறந்தால் கீழே உள்ள வயல் கெடும். திறவாவிட்டால் சுற்றிலும் உள்ள கிணறு கெடும். தண்ணீர் வேண்டும் என்று கேட்டுப் பழகிய உழவர்கள், தண்ணீரை விட வேண்டாம் என்று மன்றாடும் நிலை வந்தது.

பட்டறைக்காரர்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது நியாயமாகாது. 1990-களின் பிற்பகுதியிலேயே பலர் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுவினார்கள். சுண்ணாம்பும் இரும்பு உப்பும் சேர்த்துக் கழிவைத் தெளியவைக்கும் முறை அது. நிறம் பெரிதும் குறைந்தது. கண்ணுக்கு நீர் தெளிந்தது. ஆயினும் கரைந்திருந்த உப்பு அப்படியே இருந்தது. ஒரு லிட்டர் நீரில் 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்புகள் இருத்தலாகாது என்பது வாரியத்தின் விதி. அந்நிலையங்களால் அவ்விதியை எட்ட முடியவில்லை. செலவு செய்தும் பயனில்லாது போன இந்த இடமே நாம் கவனிக்க வேண்டியது. தவறான கருவியை நல்ல எண்ணத்தோடு வாங்கினாலும் வயல் உவர்நிலம்தான் ஆகிறது.

நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார்கள். ஒரு துளிக் கழிவும் ஆற்றில் விழலாகாது என்று 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் அம்மன்றம் ஆணையிட்டது. அதற்குத் தவணை கொடுத்ததோடு, அதுவரை வெளியேற்றும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை உயரும் தண்டத்தையும் விதித்தது. 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. தவணைகள் கடந்தன, கழிவு நிற்கவில்லை. 2011-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள், பட்டறைகளை மூடி மின்சாரத்தைத் துண்டிக்குமாறு உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயம் நின்றால் தையலும் தயங்கும்; வேலையிழந்தோர் ஊர் திரும்பினார்கள். சில பட்டறைகள் வேறு மாவட்டங்களுக்குக் கழிவையும் உடன்கொண்டு இடம் பெயர்ந்தன. மூடிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுவோர் இதை மறக்கலாகாது.

அதன் பின்னரே உதவி உருப்படியாக வந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. பின்னர், துணி பதனிடும் இடங்களின் கழிவுத் திட்டங்களுக்குச் செலவில் பாதிவரை தரும் திட்டம் ஒன்றை மத்திய அரசும் வகுத்தது. பணத்தோடு வழிமுறையும் வந்தது. கழிவை முதலில் நுண்ணுயிரிகளைக் கொண்டு தூய்மையாக்குவார்கள். பின்னர் மிக நுண்ணிய துளையுள்ள சவ்வுகளின் வழியே அழுத்திச் செலுத்துவார்கள். அப்பொழுது நீரின் பெரும்பகுதி நன்னீராகப் பிரிந்து மறுபடி சாயத்தொட்டிக்கே போகும். எஞ்சுவது அடர்ந்த உப்புக்கரைசல். அதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கினால் உப்புப் படியும். ஆனால் எரிபொருட் செலவு முதுகை ஒடிக்கும்.

அருள்புரத்துப் பொது நிலையத்தில் ஓர் எளிய உண்மையைக் கண்டுகொண்டார்கள். சாயமேற்ற உப்புக்கரைசல்தானே வேண்டும்? அக்கரைசலைத் தூய்மை செய்து அப்படியே சாயத்தொட்டிக்குத் திருப்பினால், ஆவியாக்கும் செலவும் குறையும், புதிய உப்பு வாங்கும் செலவும் குறையும். நம் பாட்டிமார் ஊறுகாய் ஜாடியில் மிஞ்சிய உப்புநீரைக் கொட்டிவிடுவார்களா என்ன? இவ்வாறு நிலையங்கள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டு இயங்கத் தொடங்கின. எல்லாம் முடிந்துவிட்டது என்பதில்லை. மறுபயனுக்கு உதவாத கலப்பு உப்பு மூட்டைகளாகக் கொட்டகைகளில் கிடக்கிறது. இரவில் கள்ளத்தனமாய்க் கழிவை விடுவோரும் உண்டு. கெட்ட மண் எளிதில் திருந்துவதில்லை. எனினும், ஆணை, தண்டம், கடன், வழிமுறை ஆகிய நான்கும் கூடிய பிறகே அங்கே முன்னேற்றம் ஏற்பட்டது என்பது எம் கருத்து. ஆணை இன்றிக் கடன் கொடுத்திருந்தால் பணம் வேறு வழியில் போயிருக்கும். கடனும் வழிமுறையும் இல்லாத ஆணையால் என்ன நேர்ந்தது என்பதை 2006 முதல் 2011 வரையிலான காலம் காட்டிற்று.

நாம் வாழும் மகாராஷ்டிரத்திலும் வழிகள் தேடப்பட்டுள்ளன. இம்மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1970-ஆம் ஆண்டிலேயே தோன்றியது; தமிழ்நாட்டு வாரியம் 1982-ஆம் ஆண்டில்தான் அமைந்தது. 2017-ஆம் ஆண்டில் இங்குள்ள வாரியம், பெரிய ஆலைகளின் புகையில் உள்ள தூசியை அளந்து, தூய்மைக்கேற்ப ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் வழங்கி, அதைப் பொதுமக்கள் அறிய வெளியிடலாயிற்று. அண்டை மாநிலமான குஜராத்தின் சூரத் நகரில் 2019-ஆம் ஆண்டில் வேறொரு முறை வந்தது. ஆலைகள் அனைத்தும் சேர்ந்து இவ்வளவு தூசிதான் விடலாம் என்று எல்லை வகுத்து, புகைபோக்கியில் அளவுகருவி பொருத்தி, குறைவாக விடுபவர் மிச்ச உரிமையை மற்றவருக்கு விற்கலாம் என்றார்கள். தூய்மைக்கு ஒரு விலை கிடைத்தது. அதில் சேர்ந்த ஆலைகளின் தூசி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு வரை தணிந்ததாக ஆய்வாளர் கண்டனர்.

நம் வாயிற்படித் தூசிக்கு இத்தனை நுட்பமும் தேவையில்லை. கல் உடைக்கும் ஆலைகளுக்கு மத்திய அரசின் விதிகள் தெளிவாக உள்ளன: இயந்திரத்தை மூடி நீர் தெளித்தல், காற்றைத் தடுக்கும் சுவர் எழுப்புதல், வளாகத்தில் கெட்டியான பாதை போடுதல், சுற்றிலும் மரம் நடுதல். இவற்றுள் எதுவும் ஆலையை மூடச் சொல்லவில்லை. இவை நடைபெறாவிடில் முதலில் புனேயில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கு எழுத வேண்டும். இடம், நாள், நேரம் குறித்து, இயன்றால் நிழற்படமும் இணைத்து எழுதுவது நல்லது.

அதனாலும் பயனில்லையேல், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் மேற்கு மண்டல அமர்வு இருப்பது நம் புனே நகரிலேயே. பாதிக்கப்பட்ட எவரும் அங்கே மனுச் செய்யலாம். மராட்டியரா தமிழரா, சொந்த வீட்டுக்காரரா வாடகைக்கு இருப்பவரா என்று கேட்பதில்லை. நஷ்டஈடு கோராத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். மனு ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும். வழக்குக்குரிய காரணம் முதன்முதலாக எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கொடுத்தல் வேண்டும். ஆதலின், வேட்டி நிறம் மாறிய நாளைக் குறித்து வைத்துக்கொள்க.