செப்பேட்டில் ராகம் உண்டு, மெட்டு இல்லை

அன்னமாச்சார்யரின் பாட்டுகள் வீடுதோறும் ஒலிக்கின்றன. ஆனால் அந்த இசை யாருடையது?

திருமலைக் கோயிலுக்குள், உண்டியலுக்கு எதிரே ஒரு சிறிய அறை. கைகூப்பி நகரும் கூட்டம் அதைக் கவனிப்பதில்லை. 2,000க்கும் மேற்பட்ட செப்பேடுகள் நூற்றாண்டுக் கணக்கில் அடைபட்டுக் கிடந்த இடம் அது. பெயர், சங்கீர்த்தன பண்டாரம்.

ஏடுகளில் இருப்பவை தாள்ளபாக்கம் அன்னமாச்சார்யரும் (1408-1503) அவர் வாரிசுகளும் பாடிய தெலுங்கு, சம்ஸ்கிருதப் பாட்டுகள். அவர் பாடியது 32,000 என்பது மரபு. கிடைத்திருப்பது அதில் பாதிக்கும் குறைவு. மகன் பெத்த திருமலாச்சார்யர் காலத்தில் செம்பில் வெட்டும் வேலை நடந்தது. ஓலை செல்லரிக்கும், செம்பு நிற்கும் என்ற கணக்கு தப்பவில்லை. தப்பிப்போனது வேறு. ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் ராகத்தின் பெயர் இருக்கிறது. ஸ்வரம் இல்லை. எப்படிப் பாடுவது என்பது பாடியவர்களின் தொண்டையோடு போய்விட்டது.

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஏ.டி. கேம்ப்பெல் 1816இல் வெளியிட்ட தெலுங்கு இலக்கண நூலில் இந்த ஏடுகள் பற்றிய குறிப்பு வருகிறது. இலக்கணம் தேடியவருக்குக் கிடைத்த தகவல், அநேகமாக எல்லாமே சாமிப் பாட்டு என்பதுதான். ஏடுகளைப் படித்து அச்சேற்ற அதற்குப் பிறகும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி போன்றவர்கள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்த வேலை அது.

தமிழர்களுக்கு இது புதிய கதையல்ல. தேவாரத்துக்குப் பண் பெயர்கள் மிஞ்சின. பழைய இசை எவ்வளவு மிஞ்சியது என்பதில் இன்றும் வாதம் உண்டு. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதில் ஒலிக்கும் திருப்பாவைக்குக் கச்சேரி மேடையில் கேட்கும் மெட்டுகள் 20ஆம் நூற்றாண்டில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போட்டவை. பைபிளின் சங்கீதங்களிலும் இதே நிலை. 22ஆம் சங்கீதத்தின் தலைப்பில் வரும் 'விடியலின் பெண்மான்' ஒரு மெட்டின் பெயர் என்பது பல அறிஞர்களின் கருத்து. பெயர் இருக்கிறது, மெட்டு இல்லை. அதனாலேயே ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக இசையமைத்தது. அன்னமாச்சார்யர் மறைந்த 1503ஐ ஒட்டித்தான் இத்தாலியின் ஃபெராரா அரசவையில் ஜோஸ்கன் 51ஆம் சங்கீதத்தைப் பல குரல்களுக்கு அமைத்தார். அதே பாட்டுக்கு 1630களில் அல்லெக்ரி வேறு இசை தந்தார். இரண்டும் இன்றும் பாடப்படுகின்றன.

திருப்பதியில் அந்த வேலையைத் தொடங்கியவர் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா. நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகளுக்கு ஸ்வரப்படுத்தினார். 1978இல் தேவஸ்தானம் அன்னமாச்சார்யா திட்டத்தை ஆரம்பித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'பாலாஜி பஞ்சரத்னமாலா' வந்தது. அதன் பிறகு 'நானாட்டி பதுகு' தெரியாத தமிழ் வீடு குறைவு. அந்த ரேவதி ராக மெட்டு நேதுனூரி கிருஷ்ணமூர்த்தியுடையது. கேட்பவர்களில் பாதிப்பேர் அதை 15ஆம் நூற்றாண்டு என்றே நினைக்கிறார்கள்! 2025இல் மறைந்த கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத் 600க்கும் மேற்பட்ட பாட்டுகளுக்கு மெட்டமைத்தார்.

செப்பேடு சொல்லும் ராகத்தை விடலாமா? பண்டிதர்கள் கூடாது என்பார்கள். ஆனால் பெயர் அதே என்றாலும் அன்றைய ராகத்தின் உருவம் இன்று அதேதானா என்பதற்கு யாரும் சத்தியம் செய்ய முடியாது. பிடிவாதமாக இருந்திருந்தால் பாட்டுகள் அறையிலேயே இருந்திருக்கும். கவலை வேறு இடத்தில். 2008 மே மாதம் செகந்திராபாத் பரேட் மைதானத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து ஏழு சங்கீர்த்தனங்களைப் பாடினார்கள். அத்தனை பேர் ஒரே குரலில் பாட மெட்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஜோஸ்கனுக்குப் பக்கத்தில் அல்லெக்ரிக்கு இடம் இருப்பதுபோல, பிரபலமான மெட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று நிற்பது இங்கே கஷ்டம். ஏடுகளில் உள்ள ஆயிரக்கணக்கான பாட்டுகளோ முதல் மெட்டுக்கே இன்னும் காத்திருக்கின்றன.