பளபளப்பை விற்றேன், துரு திரும்பி வந்தது

புத்தளத்தில் நான் ஒரு சிறிய ஹார்ட்வெயார் கடை நடத்தி வருகிறேன். விற்ற பொருள் திரும்பி வருவது எம்மைப் போன்ற கடைக்காரர்களுக்குப் புதிய விடயமல்ல. அளவு பிழைத்தால் மாற்றிக் கொடுப்போம். பழுதென்றால் கம்பனிக்கு அனுப்பி விடுவோம். ஆனால் ஒரு நாள் காலை, கடை திறந்த கையோடு, கற்பிட்டியிலிருந்து வந்த ஒரு நானா எனது மேசையில் கொட்டியவற்றை என்னால் மாற்றிக் கொடுக்கவும் முடியவில்லை, எவருக்கும் திருப்பி அனுப்பவும் முடியவில்லை.

அவை துருவேறிய போல்ட்டுகள். அவற்றுள் ஒரு யூ போல்ட் இரண்டாக ஒடிந்திருந்தது.

"உங்கட கடையில எடுத்ததுதான் தம்பி. துருப் பிடிக்காது எண்டு நீங்கதான் சொன்னீங்க" என்றார். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அவரிடம் 18 அடி பைபர் படகு ஒன்று இருக்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் டொல்பின் பார்க்க வரும் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்வார். தென்மேல் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் படகை ட்ரெயிலரில் ஏற்றி களப்புப் பக்கம் கொண்டு போய் விடுவார். கற்பிட்டியில் ஒரு புறம் கடல், மறுபுறம் களப்பு. ட்ரெயிலர்தான் அவரது வருமானத்தை இரு பக்கமும் இழுத்துச் செல்லும் வண்டி.

அன்று விடியற்காலையில் ஹோட்டலில் நான்கு பயணிகள் காத்திருக்க, இவர் படகை இறக்கப் போயிருக்கிறார். மணல் மேட்டில் ட்ரெயிலர் ஒரு குலுங்கு குலுங்க, ஸ்பிரிங்கையும் அச்சையும் சேர்த்துப் பிடித்திருந்த யூ போல்ட் ஒடிந்து அச்சு விலகி விட்டது. சில்லு மட்காட்டில் உரசி நின்றது. எவருக்கும் காயமில்லை. பாலாவி வீதியில் வேகமாக வரும்போது அது ஒடிந்திருந்தால் என்ற நினைப்பு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. பயணிகள் வேறு படகில் போய்விட்டார்கள். அந்த ஹோட்டலிலிருந்து அதன் பின்னர் அவருக்கு அழைப்பு வருவதும் குறைந்து விட்டது.

நான் செய்த பிழை

2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பின்னர் இறக்குமதிப் பொருட்களின் விலை எங்கே போய் நின்றது என்பதை வியாபாரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாடிக்கையாளர் விலையைக் கேட்டதும் திரும்பிப் போய் விடுகிறார். எனவே கையிலிருந்த மலிவான சரக்கையே அவருக்குக் காட்டினேன். வெள்ளி போலப் பளபளத்தது. "இது கல்வனைஸ்தான் நானா, துருப் பிடிக்காது" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்து விற்றேன்.

அது முழுப் பொய்யுமல்ல, முழு உண்மையுமல்ல. இரும்பின் மேல் நாகம் பூசுவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மின்சாரத்தின் மூலம் மெல்லியதாகப் பூசுவது. அதன் தடிப்பு பெரும்பாலும் 5 முதல் 10 மைக்ரோன். ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன். மற்றையது, 450 பாகை செல்சியஸ் அளவில் உருகிய நாகத்தில் தோய்த்தெடுப்பது. போல்ட்டுகளில் அதன் தடிப்பு 40, 50 மைக்ரோன் வரை இருக்கும். முதலாவது மினுங்கும். இரண்டாவது மங்கிய சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். கண் மினுக்கத்தையே தேடுகிறது. உப்புத் தண்ணீரில் தாக்குப் பிடிப்பதோ மங்கலானதுதான்.

உப்பளங்களின் ஊரில் கடை வைத்திருப்பவன் நான். உப்பு இரும்பை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

ஒரு நாள் முழுக்க வேலை

அந்த வெள்ளிக்கிழமை கடையை அடைத்து விட்டு, புதிய போல்ட்டுகளுடன் கற்பிட்டிக்குப் போனேன். ஒடிந்ததை மட்டும் மாற்றினால் போதும் என்றார் நானா. ஒரே நாளில் பூட்டி, ஒரே தண்ணீரில் நனைந்தவற்றில் ஒன்று ஒடிந்தால் மற்றவையும் அதே நிலையில்தான் இருக்கும் என்று சொல்லி, அனைத்தையும் கழற்றினோம். தலை மட்டும் பார்வைக்கு நல்லதாக இருந்த 12 மில்லிமீற்றர் போல்ட் ஒன்றைக் கழற்றியபோது, துளைக்குள் மறைந்திருந்த பகுதி பென்சில் பருமனுக்குத் தேய்ந்திருந்தது. துளைக்குள்ளும் வொஷருக்கு அடியிலும் தேங்கும் உப்புத் தண்ணீர் இலகுவில் காய்வதில்லை. வெளியே பார்த்து உள்ளே இருப்பதை மதிப்பிட முடியாது.

இந்த வேலையைச் செய்யும் சகோதரர்களுக்காக நாம் கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

படகை இறக்கி, சமதரையில் சில்லுகளுக்கு அடை கொடுத்த பின்னரே தொடங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ட்ரெயிலருக்குக் கீழே போகக் கூடாது. கனமான மரக்குற்றிகளை வைத்துத் தாங்க வேண்டும்.

துரு, தான் அரித்த இரும்பை விடப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும். நட் இறுகிப் போவது அதனால்தான். முதல் நாள் இரவே துருவிளக்கும் எண்ணெயை விட்டு வைத்து, மறுநாள் முதலில் சற்று இறுக்கி, பின்னர் தளர்த்திப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் கிரைண்டரால் வெட்டி விடலாம். காஸ் நெருப்பால் சூடாக்குவது ஆபத்து. நாகம் எரிந்து வரும் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றாமல், ஒன்றைக் கழற்றி ஒன்றைப் பூட்டினால் சட்டகம் விலகாது. துளையைத் துலக்கி, நாகம் கலந்த பெயின்ட் பூச வேண்டும். நைலோன் வளையம் பதித்த நட்டைக் கழற்றினால் மீண்டும் பாவிக்கக் கூடாது. யூ போல்ட்டின் இரு நட்டுகளையும் மாறி மாறிச் சமமாக இறுக்க வேண்டும். முதல் பயணம் முடிந்ததும் மீண்டும் ஒரு முறை இறுக்கிப் பார்ப்பது அவசியம். அதன் பிறகு, கடலில் இறங்கிய ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரால் கழுவி விட வேண்டும்.

"ஸ்டெயின்லஸ் போட்டால் பிரச்சினையே இல்லையே" என்று பலர் கேட்கிறார்கள். அதுவும் முழுமையான பதிலல்ல. ஸ்டெயின்லஸும் நாகம் பூசிய சட்டகமும் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டிருந்தால், போல்ட் தப்பி, அதைச் சுற்றியுள்ள நாகம் கரையத் தொடங்கும். பலமும் ஒன்றல்ல. போல்ட்டின் தலையில் 8.8 என்று இருந்தால் அது 4.6 என்பதைப் போல இரு மடங்கு இழுவையைத் தாங்கும். சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லஸ் 8.8 ஐ விடக் குறைந்தது. எனவே அச்சு, ஸ்பிரிங், கொழுவி போன்ற பாரம் தாங்கும் இடங்களுக்கு ட்ரெயிலர் செய்தவர் போட்ட அதே தரத்தில், நாகத்தில் தோய்த்த போல்ட்டையே நாம் போட்டோம். அதற்குரிய நட்டும் அதனுடனே வர வேண்டும். பூச்சு தடிப்பாக இருப்பதால் சாதாரண நட் அதில் ஏறாது.

கடையில் செய்த மாற்றம்

கற்பிட்டியிலிருந்து திரும்பிய மறுநாள் போல்ட் பெட்டிகளை மூன்றாகப் பிரித்தேன். வீட்டுக்குள் பாவிப்பவை, மழை வெயிலில் பாவிப்பவை, உப்புத் தண்ணீரில் பாவிப்பவை என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். வாங்க வருபவரிடம் "என்ன அளவு?" என்று கேட்பதற்கு முன், "எதற்குப் போடப் போகிறீர்கள்?" என்று கேட்கும்படி கடைப் பையனுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். பற்றுச்சீட்டில் போல்ட்டின் தரத்தையும் பூச்சின் வகையையும் எழுதிக் கொடுக்கிறோம்.

பொருளின் தரத்தைப் பற்றிப் பிழையாகச் சொல்லி விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து நான் இதைச் செய்யவில்லை. ஒரு யூ போல்ட்டில் எனக்குக் கிடைத்த இலாபம் ஒரு பிளேன்டீக்குப் போதுமானது. அதனால் அந்த மனிதர் இழந்தது ஒரு ஹோட்டலின் நம்பிக்கையை. அந்தக் கணக்கை எந்தக் கொப்பியில் எழுதுவது?

சிலர் விலையைக் கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள், உண்மைதான். அவர்களைத் தடுக்க நான் முயல்வதில்லை. வித்தியாசத்தை மட்டும் சொல்லி அனுப்புகிறேன். சென்ற பருவம் தொடங்குவதற்கு முன் அந்த நானா மீண்டும் வந்தார். இம்முறை கையில் பையில்லை. கூடவே இன்னும் இரண்டு படகுக்காரர்கள் வந்திருந்தார்கள்.

"மங்கலா இருக்கிறதையே இவங்களுக்கும் குடுங்க தம்பி" என்றார்.