போனில் மனசு பேசுமா?
கணக்கில் வராத கிரிவலப் பாதை சாதுக்கள்!

திருவண்ணாமலை:
"ராத்திரி தூக்கம் வருதா? எதிலயும் பிடிப்பு இல்லாம இருக்கா?"

முன்பின் தெரியாத ஒருவர் போனில் இப்படிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? பலர் "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவார்கள். சிலர் "நல்லாத்தான் இருக்கேன். நீங்க யாரு, பேங்க்கா?" என்பார்கள்!

கொரோனா காலத்தில் மனநல ஆய்வாளர்களுக்கு வந்த சோதனை இதுதான்.

2015-16ல் பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் வீடு வீடாகப் போய் 39,532 பேரை நேரில் விசாரித்தார்கள். பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு இருந்தது. அதிலும் வியாதிக்குத் தகுந்தபடி 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு. யார் வீட்டு வாசற்படியும் ஏற முடியாது. உலகின் பல நாடுகளில் ஆய்வாளர்கள் போனை எடுத்தார்கள். நம் மத்திய அரசும் 2020 ஏப்ரலில் 1921 என்ற எண்ணில் இருந்து ஜனங்களைக் கூப்பிட்டு, கொரோனா அறிகுறி உண்டா என்று விசாரித்தது. இருமலைப் போனில் சொல்லிவிடலாம். மனசை?

கூடத்தில் மாமியார் உட்கார்ந்திருக்க, "காரணமில்லாம அழுகை வருது" என்று மருமகள் சொல்வாளா? தானே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்த பெண்கள் நாட்டில் 54 சதவீதம்தான் என்கிறது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு. நேரில் போனால் முகவாட்டமாவது தெரியும்.

முகம் தெரியாதவரிடம் மனம்விட்டுப் பேசுகிறவர்களும் உண்டு. அதில்தான் ஆபத்து. "செத்துடலாம்னு தோணுது" என்று ஒருவர் சொன்னால், அடுத்த கேள்விக்குப் போக முடியுமா? உடனே இணைப்பைக் கொடுக்க டாக்டர் தயாராக இருக்க வேண்டும்.

சாதுக்கள் கதி?

பவுர்ணமிக்குப் பவுர்ணமி ஜனம் திரளும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை அப்போது வெறிச்சோடிக் கிடந்தது. 2020 நவம்பர் 29ந் தேதி மகாதீபத்துக்கும் வெளியூர்க்காரர்களுக்குத் தடை. பூக்காரி, கற்பூர வியாபாரி, ஆட்டோக்காரர் என்று எல்லாருக்கும் பிழைப்பு போயிற்று. ஆனாலும் அவர்களுக்கு ஒரு வீடு உண்டு. அன்னதானத்தை நம்பிப் பாதையோரம் படுத்திருக்கும் சாதுக்களுக்கு? வீடு வீடாகப் போனாலும் அவர்கள் சிக்கமாட்டார்கள். போன் போட்டால் பலரிடம் போனே கிடையாது.

2022 அக்டோபர் 10ந் தேதி மத்திய அரசு 'டெலி மானஸ்' தொடங்கியது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இங்கே யாரும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள், நாம்தான் கூப்பிட வேண்டும். கிரிவலப் பாதை டீக்கடைக்காரர்கள், வாடிய முகத்தோடு வந்து நிற்கும் சாதுவுக்கு அந்த எண்ணைப் போட்டுக் கொடுத்தால் புண்ணியம்!