சட்டென்று எழுந்தால் ஏன் கண் இருட்டுகிறது?

வெகுநேரம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த பாட்டி, எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொள்வார். கண்முன் பூச்சி பறக்கும். சில நொடிகளில் சரியாகிவிடும். அதற்குள் உடம்பு செய்து முடிக்கும் வேலை அபாரமானது.

எழுந்தவுடன் ஏறக்குறைய அரை லிட்டர் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைய, அழுத்தமும் சரிகிறது; மூளைக்குப் போதிய ரத்தம் எட்டாமல் கண் இருட்டுகிறது. தாடைக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில் மெல்ல விரல் வையுங்கள். அங்கே துடிக்கும் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், அதன் சுவருக்குள் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. (அழுத்தித் தேய்க்காதீர்கள், அழுத்தம் கூடிவிட்டதாக மூளை எண்ணி இதயத்தை மெதுவாக்கிவிடும்.) சுவர் விரிய விரிய அவை மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் சேதி அனுப்பும். அழுத்தம் குறைந்தால் சேதியும் குறையும். உடனே முகுளம் இதயத்தை வேகப்படுத்தும். சிறு தமனிகளை இறுக்கும். அழுத்தம் மீளும்.

வயதாக ஆகத் தமனிச் சுவர் விறைத்துப்போகிறது. நரம்பு முனைகளின் கூர்மையும் மங்குகிறது. எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளிகள் குறைந்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். சில மாத்திரைகளும் காரணமாக இருக்கலாம். படுக்கையிலிருந்து எழும்போது பாட்டி கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து கணுக்காலை ஆட்டட்டும். கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளிக் கொடுக்கும்.