48 மணி நேரத்தில் ஒரு பேய்ப்படம்

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி. நீங்களும் உங்கள் நண்பர்கள் நால்வரும் ஒரு சீட்டை எடுக்கிறீர்கள். அதில் ‘திகில்’ என்று எழுதியிருக்கிறது. ஞாயிறு மாலை ஏழு மணிக்குள் கதை எழுதி, நடித்து, படம் பிடித்து, தொகுத்து, ஓசை சேர்த்து ஒரு குறும்படத்தை ஒப்படைத்தாக வேண்டும். முடியுமா?

முடியும். இத்தகைய போட்டி ஒன்று 2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் தொடங்கியது. பின்னர் உலகின் பல நகரங்களுக்கும் பரவியது. என்ன வகைக் கதை என்பதை ஒவ்வொரு குழுவும் சீட்டெடுத்துத்தான் அறியும். அத்துடன் ஒரு கதைமாந்தர், ஒரு பொருள், ஒரு வசனம் ஆகிய மூன்றும் எல்லாக் குழுக்களுக்கும் பொதுவாகத் தரப்படும். இம்மூன்றும் படத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டும். ஆகவே முன்பே எடுத்து வைத்த படத்தைக் கொண்டுவந்து யாரும் ஏமாற்ற முடியாது. படத்தின் நீளம் நான்கு முதல் ஏழு நிமிடம்.

நேரம் குறைவு, பணம் குறைவு, ஆட்களும் குறைவு. இவற்றை வைத்துக்கொண்டு வீரதீரப் படம் எடுப்பது கடினம். ஆனால் திகில் படத்துக்கு இந்தக் குறைகளே துணை செய்கின்றன. ஏன் என்று பார்ப்போமா?

பேய் எங்கே இருக்கிறது?

சாம் ரைமி என்ற அமெரிக்க இளைஞர் தம் நண்பர்களுடன் சேர்ந்து எடுத்த ‘ஈவில் டெட்’ என்னும் திகில் படம் 1981இல் வெளிவந்தது. அதில் காட்டுக்குள் ஒரு தீய சக்தி பாய்ந்து வருகிறது. அதன் உருவம் எப்படி இருக்கும்? அதை ரைமி காட்டவே இல்லை! ஒரு மரச்சட்டத்தின் நடுவில் கேமராவைப் பொருத்தினார்கள். சட்டத்தின் இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொண்டு, தரையை ஒட்டிக் காட்டுக்குள் ஓடினார்கள். அவ்வளவுதான். கேமராவே பேய் ஆகிவிட்டது. செலவு ஒரு மரச்சட்டம்!

பார்ப்பவர் ஏன் பயந்தார்? விடுபட்ட இடத்தை மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. இதை ரஷ்யத் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் 1920ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலேயே கண்டறிந்தார். உணர்ச்சி எதுவும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை எடுத்துக்கொண்டார். அதனை அடுத்து ஒரு கிண்ணம் சூப்பைக் காட்டினால், ‘இவருக்குப் பசி’ என்று பார்த்தவர்கள் எண்ணினர். அதே முகத்தை அடுத்து ஒரு சவப்பெட்டியைக் காட்டினால், ‘இவருக்குத் துயரம்’ என்றனர். முகம் மாறவில்லை, அடுத்து வந்த காட்சிதான் மாறியது.

இதை நீங்களும் பயன்படுத்தலாம். நண்பனின் முகத்தைக் காட்டுங்கள். அடுத்து, பாதி திறந்திருக்கும் ஒரு கதவைக் காட்டுங்கள். கதவுக்கு அப்பால் வெறும் இருள். மீண்டும் நண்பனின் முகம். அந்த இருளுக்குள் பேயைக் கொண்டுவந்து வைப்பவர் பார்வையாளர்தான். முகமூடி, ஒப்பனை எதற்கும் நேரமில்லாத குழுவுக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன?

ஒரு பொருள் திடீரென மறைய வேண்டுமா? அதற்கும் எளிய வழி உண்டு. பிரான்ஸ் நாட்டு மந்திரக்கலைஞர் ஜார்ஜ் மெலியே 1896இலேயே சுமார் மூன்று நிமிடம் ஓடும் பேய்ப்படம் ஒன்றை எடுத்தார். அதில் வௌவால் ஒன்று சாத்தானாக மாறும். கேமராவை நிறுத்தி, பொருளை மாற்றி வைத்து, மீண்டும் ஓட்டுவதே அவர் கையாண்ட தந்திரம். இடையில் கேமரா இம்மியளவும் அசையக் கூடாது. ஸ்டாண்ட் இல்லையென்றால் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் செல்போனைச் சாய்த்து வைக்கலாம்.

இருளுக்கும் வெளிச்சம் வேண்டும்

திகில் படம் என்றால் விளக்கை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எடுத்தால் கிடைப்பது இருள் அன்று; புள்ளி புள்ளியாகத் தெரியும் சாம்பல் நிறக் குழப்பம்தான். செல்போன் கேமரா, வெளிச்சம் போதவில்லை என்று கருதித் தானாகவே காட்சியைப் பிரகாசமாக்க முயலும். ஆகவே வெளிச்ச அளவைக் குறைத்து, மாறாதபடி பூட்டிவிட வேண்டும்.

அறையை இருட்டாகக் காட்ட ஓர் எளிய இயற்பியல் விதி உதவுகிறது. சிறிய விளக்கு ஒன்றிலிருந்து விலகிச் செல்லச் செல்ல, வெளிச்சம் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். தொலைவு இரு மடங்கானால் வெளிச்சம் கால் பங்கு. நான்கு மடங்கானால் பதினாறில் ஒரு பங்கு. மேசை விளக்கை நண்பனின் முகத்திலிருந்து அரை மீட்டரில் வையுங்கள். சுவர் விளக்கிலிருந்து இரண்டு மீட்டரில் இருக்கட்டும். முகத்தில் விழும் வெளிச்சத்தில் பதினாறில் ஒரு பங்குதான் சுவரில் விழும். முகத்துக்கு ஏற்றவாறு கேமராவைச் சரிசெய்தால் சுவர் இருளில் மூழ்கிவிடும். விளக்கை அணைக்காமலே, அருகில் கொண்டுவந்தே இருளைப் படைத்துவிட்டோம்!

விளக்கைத் தாடைக்குக் கீழே வைத்தால் என்ன ஆகும்? சூரியனும் கூரை விளக்கும் மேலிருந்தே ஒளி வீசுகின்றன. நிழல் கண்குழியிலும் மூக்கின் கீழும் விழுவதற்கு நம் கண் பழகிவிட்டது. கீழிருந்து ஒளி வந்தால் நிழல்கள் தலைகீழாகின்றன. நன்கு தெரிந்த முகம்கூட அயலாகத் தோன்றுகிறது.

இரவுக் காட்சிகளுக்கு ஏன் நீல நிறம் பூசுகிறார்கள்? நம் விழித்திரையில் நிறமறியும் கூம்பு செல்களும், மங்கிய ஒளியில் வேலை செய்யும் கோல் செல்களும் உள்ளன. கோல் செல்கள் நீலப்பச்சை ஒளியை நன்கு உணரும். சிவப்பை மிகக் குறைவாகவே உணரும். அதனால்தான் அந்திநேரத்தில் செம்பருத்தி கறுத்துவிட, இலைகள் வெளிறித் தெரிகின்றன. படத்திலும் நீலத்தைக் கூட்டிச் சிவப்பைக் குறைத்தால், ‘இது இரவு’ என்று மூளை ஏற்றுக்கொள்கிறது. பகலிலேயே சன்னல்களைப் போர்வையால் மூடி இரவுக் காட்சியை எடுத்துவிடலாம்.

காது முதலில் அஞ்சும்

கண்ணை மூடிக்கொள்ளலாம்; காதை அப்படி மூட முடியாது. திடீரெனப் பேரொலி கேட்டால், ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் நம் இமை மூடத் தொடங்கிவிடுகிறது. ‘என்ன சத்தம்?’ என்று நாம் யோசித்து முடிப்பதற்கு முன்பே மூளைத்தண்டு உடலுக்குக் கட்டளை அனுப்பிவிடுகிறது.

ஆனால் இந்த அனிச்சைச் செயல் அடுத்தடுத்துத் தூண்டினால் மழுங்கிவிடும். முதல் ‘டமார்’ தூக்கிவாரிப் போடும். ஐந்தாவது ‘டமார்’ சிரிப்பை வரவழைக்கும். ஐந்து நிமிடப் படத்தில் ஒரே ஒரு பேரொலி போதும். அதற்கு முன் பத்து நொடி அமைதி வேண்டும்.

மனிதக் கூச்சலுக்கு மட்டும் ஏன் அத்தனை வலிமை? 2015இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. கூச்சலின்போது ஒலியின் உரப்பு நொடிக்கு 30 முதல் 150 தடவை வரை ஏறி இறங்குகிறது. சாதாரணப் பேச்சில் இந்த ஏற்ற இறக்கம் மிக மெதுவானது. இந்தக் கரகரப்பு, மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியைத் தூண்டுகிறது.

படப்பிடிப்பின்போது பதிவாகும் ஓசையை நம்பியிராதீர்கள். தொலைவில் உள்ள செல்போனில் பேச்சைவிட அறையின் எதிரொலியே மிகுதியாகப் பதிவாகும். ஓசைகளைப் பின்னர் தனியே பதிவு செய்து சேர்க்கலாம். எலும்பு முறியும் ஓசைக்கு ஒரு கேரட்டை மைக்குக்கு அருகில் ஒடித்தால் போதும். பெரிய ஸ்டூடியோக்களிலும் காய்கறிகளை ஒடித்தே இவ்வோசையைப் படைக்கிறார்கள்!

கடிகாரத்தோடு ஒரு கணக்கு

கையில் 48 மணி நேரம் இருக்கிறது என்று மகிழ வேண்டாம். ஒரு சிறு கணக்குப் போடுவோம். படம் ஐந்து நிமிடம், அதாவது 300 நொடி. ஒரு ஷாட் சராசரியாக ஐந்து நொடி என்றால் 60 ஷாட்டுகள் வேண்டும். விளக்கை நகர்த்தி, கேமராவை வைத்து, இரண்டு தடவை எடுக்க ஒரு ஷாட்டுக்கு 12 நிமிடம் என்று கொள்வோம். 60 × 12 = 720 நிமிடம்; முழுதாகப் பன்னிரண்டு மணி நேரம்! சாப்பாடும் தாமதமும் இதில் சேரவில்லை.

ஷாட் சராசரியாகப் பத்து நொடி என்றால்? 30 ஷாட்டுகள், ஆறு மணி நேரம். திகில் படத்துக்கு நீண்ட ஷாட்டே நல்லது. அமைதியாக நீளும் காட்சியில்தான் ‘அடுத்து என்ன?’ என்ற அச்சம் வளரும்.

வெட்டு மிகுந்தால் நேரம் எப்படி விழுங்கப்படும் என்பதற்கு ஒரு சான்று: 1960இல் வெளிவந்த ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ படத்தில் ஒரு நிமிடம்கூட ஓடாத குளியலறைக் கொலைக் காட்சியை எடுக்க ஏழு நாள் பிடித்தது. அதே ஆண்டு ரோஜர் கோர்மன் தம் ‘லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ என்ற முழுநீளப் படத்தின் முக்கியப் படப்பிடிப்பை இரண்டு நாளும் ஓர் இரவுமாக முடித்தார். வேறொரு படத்துக்காகப் போட்டிருந்த அரங்கத்தை அவர் பயன்படுத்திக்கொண்டார். இருக்கும் இடத்துக்கு ஏற்பக் கதை. கதைக்கு ஏற்ப இடம் தேடுவதல்ல. இதுவே அவர் வெற்றியின் இரகசியம்.

ஆகவே உங்கள் நேரத்தை இப்படிப் பங்கிடலாம்:

வெள்ளி 7 முதல் 10 வரை: கதை. 10 முதல் 11 வரை: ஷாட்டுகளின் பட்டியல். பிறகு உறக்கம்.

சனி காலை 9 முதல் மாலை 6 வரை: படப்பிடிப்பு. இரவு: முதல் தொகுப்பு. பிறகு உறக்கம்.

ஞாயிறு காலை: ஓசைகள். பிற்பகல்: நிறம், இறுதித் தொகுப்பு. மாலை 5 மணிக்குப் படம் தயாராக இருக்க வேண்டும். கடைசி இரண்டு மணி நேரம் மின்வெட்டுக்கும் கணினிக் கோளாறுக்கும் ஒதுக்கியது!

உறக்கத்தை இருமுறை எழுதியிருப்பதைக் கவனித்தீர்களா? தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், மது அருந்தியவருடையதைப் போலத் தடுமாறுகிறது என்று 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தூக்கமின்றிச் செய்யும் தொகுப்பைக் காலையில் மீண்டும் செய்ய நேரிடும்.

ஷாட்டுகளைக் கதை வரிசைப்படி எடுக்க வேண்டியதில்லை. விளக்கு ஒரே இடத்தில் இருக்கும் ஷாட்டுகளை எல்லாம் ஒன்றாக எடுத்து முடியுங்கள். ஆனால் ஒருவர் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து, சட்டைப் பொத்தான், தலைமுடி, தம்ளரில் உள்ள தண்ணீரின் அளவு என எல்லாவற்றையும் குறித்துவர வேண்டும். இல்லையேல் அடுத்தடுத்த நொடிகளில் தம்ளர் தானாக நிரம்பும். அது யாரும் வரவழைக்காத பேய்!

ஒரு மாதிரிக் கதை

ஒரு மாணவி இரவில் தனியே தேர்வுக்குப் படிக்கிறாள். சமையலறையில் ஆட்டுக்கல் சுற்றும் ஓசை. எழுந்து போய்ப் பார்க்கிறாள். குழவி அசையவில்லை, கல் உலர்ந்து கிடக்கிறது. திரும்பி வருகிறாள். திறந்து வைத்த நோட்டில் ஈரமாவு படிந்த ஒரு கட்டைவிரல் ரேகை. மீண்டும் ஓசை; இம்முறை அவளுக்குப் பின்னாலிருந்து. விளக்கு அணைகிறது. முடிந்தது.

இதற்கு வேண்டியவை: ஒரு வீடு, ஒரு நடிகை, ஒரு மேசை விளக்கு, ஒரு கைப்பிடி அரிசிமாவு. ஆட்டுக்கல் ஓசைக்கு ஒரு மண்சட்டிக்குள் கூழாங்கல்லை மெல்லச் சுழற்றலாம். பேய்க்கு நடிகர் தேவையே இல்லை!

அச்சம் திரைக்குள்ளேயே இருக்கட்டும்

சில எச்சரிக்கைகள். கிணற்றடி, மொட்டைமாடி விளிம்பு, சாலை, தண்டவாளம் ஆகிய இடங்களில் படம் பிடிக்காதீர்கள். உண்மையான கத்தியும் தீயும் வேண்டாம். பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். அக்கம்பக்கத்தாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தெரியாதவரை மறைந்திருந்து பயமுறுத்திப் படம் பிடிப்பது கலை அன்று, கொடுமை. அவருக்கு இதயநோய் இருக்கலாம்.

விளக்கைப் படபடவென்று அணைத்து எரிப்பதிலும் கவனம் வேண்டும். 1997 டிசம்பரில் ஜப்பானில் ‘போக்கிமான்’ தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 தடவை மாறி மாறி மின்னின. அதைப் பார்த்த 600க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர்கள், வலிப்பு போன்ற அறிகுறிகளுடன் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒளி மின்னினால் வலிப்பு வரும் இயல்பு சிலருக்கு உண்டு. அந்த இயல்பு தமக்கு இருப்பதை முன்பே அறியாதவர்களும் உண்டு. எனவே நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் ஒளி மின்னும் காட்சி வேண்டவே வேண்டாம்.

படம் முடிந்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். நண்பர்கள் சிலருக்கு ஓசையோடும், வேறு சிலருக்கு ஓசை இல்லாமலும் திரையிடுங்கள். யார், எந்த இடத்தில் அதிர்ந்தார்கள் என்று நொடிக் கணக்கோடு குறித்துக்கொள்ளுங்கள். அச்சத்தில் கண்ணின் பங்கு எவ்வளவு, காதின் பங்கு எவ்வளவு என்பதை உங்கள் பட்டியலே சொல்லிவிடும்.