பூங்காவுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

சிறு நகரங்களில் மனை வாங்கப் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: வரைபடத்தில் ஒரு ஓரமாகப் பச்சை அடித்து ‘பூங்கா’ என்று எழுதியிருக்கும். மனை விற்பவர் அதைத் தன் தாராள மனசு மாதிரி காட்டுவார். அது சட்டம் போட்ட கட்டாயம். தமிழ்நாட்டில் மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மிச்ச நிலத்தில் 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை, நிலத்துக்குப் பதில் அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். அதற்கு மேல் போனால் நிலமாகவே, உள்ளாட்சியின் பேருக்குத் தானப் பத்திரம் பதிந்து கொடுத்தாக வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று நகராட்சி அலுவலகத்தில் சொல்வது இதைத்தான். இந்த விதி செல்லும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஆக, நிலம் இலவசம். கட்டுமானத்துக்கும் எங்கிருந்தாவது பணம் வந்துவிடும். 2015-இல் மத்திய அரசு நகரங்களுக்காகத் தொடங்கிய அம்ருத் திட்டத்தில் பூங்காவுக்கென்றே ஒரு சிறு பங்கு இருந்தது. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். நடைபாதை, சறுக்குமரம், திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவி, கல்வெட்டு எல்லாம் வந்து சேரும். திறப்பு விழாவும் நடக்கும்.

சிக்கல் மறுநாள் காலையில் ஆரம்பிக்கிறது. இந்தத் திட்டப் பணமெல்லாம் கட்டுவதற்குத்தான். தண்ணீர் ஊற்ற, புல் வெட்ட, காவலாளிக்குச் சம்பளம் கொடுக்க நகராட்சி தன் சொந்த வருமானத்தில் கை வைக்க வேண்டும். அங்கே சம்பளம், ஓய்வூதியம், குடிநீர் மோட்டாருக்கான மின்கட்டணம், குப்பை எல்லாம் முன்வரிசையில் நிற்கின்றன. பூங்கா கடைசி வரிசையில். அரசியலமைப்பின் பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிக்கான 18 பணிகளில் பூங்காவும் விளையாட்டுத் திடலும் உண்டு. ஆனால் அவற்றை மாநிலம் ஒப்படைக்க‘லாம்’ என்றுதான் இருக்கிறது. அந்த ‘லாம்’ மிகவும் வசதியான சொல்.

நகராட்சியின் ஆண்டு ஏப்ரலில் பிறக்கிறது. முதல் அரையாண்டுச் சொத்துவரியை அந்த மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை என்பதால் கல்லாவில் கொஞ்சம் பணம் இருக்கும். பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிடம், சைக்கிள் ஸ்டாண்டு, தினசரிச் சந்தை ஆகியவற்றின் புதுக் குத்தகையும் அப்போதுதான் தொடங்கும். பள்ளி விடுமுறை விட்டதும் பூங்காவில் கூட்டம் அலைமோதும். ஆழ்துளைக் கிணறு வற்றுவதும் அதே வேளையில்தான். லாரித் தண்ணீருக்கு மக்கள் குடத்தோடு நிற்கும்போது புல்வெளிக்குத் தண்ணீர் விடுவதை எந்த ஆணையராலும் நியாயப்படுத்த முடியாது. புல் காய்கிறது. நம் ஊர் வெயிலுக்குப் புல்வெளி போடுவதே தப்புக் கணக்கு என்பது என் எண்ணம். அந்தப் பணத்தில் நாலு வேப்பமரமும் புங்கமரமும் வைத்திருந்தால், மூன்று கோடை தாண்டியபின் தண்ணீர் கேட்காமல் நிழல் தந்துகொண்டிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் கதை தலைகீழ். நடைபாதையோரம் புதர் மண்டும். ஓடாத செயற்கை நீரூற்றில் மழைநீர் தேங்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால், கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீட்டுத் தொட்டிகளோடு இந்தத் தொட்டியையும் பார்த்தாக வேண்டும். பூங்கா மட்டுமல்ல, கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் நகராட்சி வாடகைக்கு விடும் சமுதாயக் கூடமும் அப்படித்தான்; அந்த நாட்களில் அது நிவாரண முகாமாக மாறும். அதன் கழிப்பறை எந்த லட்சணத்தில் இருந்தது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரியவரும்.

இப்படிப்பட்ட பொது இடங்களில் நூலகம் மட்டும் கொஞ்சம் வேறு. சொத்துவரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்த்துக் கட்டுகிறோம். வசூலிப்பது நகராட்சி, நூலகத்தை நடத்துவது 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நூலக ஆணைக்குழு. ‘நூலகக் கூரை ஒழுகுகிறது’ என்று கவுன்சிலரிடம் சொன்னால் அவர் கையை விரிப்பது இதனால்தான். சில நகராட்சிகள் புதிதாகக் கட்டியிருக்கும் அறிவுசார் மையங்கள் அப்படியல்ல. அவற்றுக்கு நகராட்சியே பொறுப்பு.

தை பிறந்தால் பட்ஜெட் வேலை தொடங்கும். பூங்காப் பராமரிப்புக்கு ஒரு தொகை வேண்டுமென்றால் அதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கேட்கும் இடம், 2022 நவம்பர் 1 முதல் நகரங்களில் கூட்டப்படும் பகுதி சபை. ‘பூங்காவைச் சரிசெய்யுங்கள்’ என்றால் ‘பார்க்கலாம்’ என்று பதில் வரும். மோட்டாரின் மின் இணைப்பு யார் பேரில் இருக்கிறது, பில்லை யார் கட்டுகிறார்கள், பராமரிப்பு ஒப்பந்தம் எந்த மாதத்தோடு முடிகிறது, தானப் பத்திரத்தின் நகல் நகராட்சியிடம் இருக்கிறதா என்று கேட்டால் யாராவது கோப்பை எடுத்தாக வேண்டும். எடுக்கவில்லையென்றால், இதே கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதி அனுப்பலாம். பூங்கா கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.